பழைய ஹார்ட் டிஸ்க்கைப் புது லேப்டாப்பில் போடக் கொடுக்கிறீர்களா? 4,700 ரூபாய் கொடுத்து அப்பாவின் படங்களை இழந்துவிட்டேன்

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கை நடுங்க நடுங்கத்தான் எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். என்னென்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

2013-ல் அப்பா வாங்கிய லேப்டாப் அது. கீல் உடைந்து, சார்ஜர் பின் ஆடி, பத்து நிமிடம் ஓடினாலே பெரிய விஷயம். ஆனால் உள்ளே இருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. கடைக்குக் கொடுப்பதற்கு முந்தின இரவுகூடத் திறந்து படம் பார்த்தோம். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்ததே, அதற்கு மறுநாள் பண்ருட்டிப் பக்கம் எங்கள் முந்திரித் தோப்பு வேரோடு சாய்ந்து கிடந்ததை அப்பா ஒவ்வொரு மரமாகப் படம் எடுத்து வைத்திருந்தார். தங்கை கல்யாணம், சில்வர் பீச்சில் பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் நின்றது, எல்லாம் அதில்தான். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

மகளுக்குப் போன வருஷம் வாங்கிய லேப்டாப்பில் அந்த டிஸ்க்கைப் போட்டுவிடலாம் என்று புதுச்சேரியில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்த தம்பி பழைய லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார். அடியில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, நீல மார்க்கரில் "போட்டோ உள்ளது. அழிக்கக் கூடாது" என்று அப்பா எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு, "அப்பா கையெழுத்தா சார்? எங்க அப்பாவும் இப்படித்தான், எல்லாத்துலயும் எழுதி ஒட்டுவார். கவலைப்படாதீங்க, அப்படியே உள்ள போட்டு டி டிரைவா வர வெச்சிடறேன்" என்றார். அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன். வேலைக்கு 1,500, 'கன்வெர்ட்டர்' 3,200, மொத்தம் 4,700 ரூபாய். முன்பணமாகவே வாங்கிக்கொண்டார். எண்ணிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சாயந்திரம் போனால், டிஸ்க் ஒரு சின்ன பிளாஸ்டிக் கேஸில், யுஎஸ்பி ஒயரோடு வெளியே தொங்குகிறது. "உள்ள இடம் இல்ல சார், இதுவும் அதேதான்" என்றார். கடைசி பஸ் அவசரம், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் செருகினால் 'நியூ வால்யூம்' என்று வருகிறது. டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கினால் வரும் பெயர் அது. 465 ஜிபியில் (500 ஜிபி டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் இப்படித்தான் காட்டும்) 465 ஜிபியும் காலி. ஒரு படம் இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை தட்டிப் பாருப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

போன் செய்தேன். "டிஸ்க்கே பழசு சார், தானா போயிருக்கும்." தானாகப் போன டிஸ்க் தனக்குத் தானே புதுப் பெயர் வைத்துக்கொள்ளுமா? மறுநாள் நேரில் போனேன். "டெக்னீஷியன் லீவு." அதற்கு மறுநாள், "ஓனர் சென்னை போயிருக்கார், வந்ததும் கூப்பிடுவார்." வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேற்றுதான் ஓனர் பேசினார். ரெகவரி செய்து தருகிறாராம், அதற்குத் தனியாக 9,000 ஆகுமாம்! அழித்தவரே மீட்டுத் தரக் காசு கேட்கிறார். என் 4,700 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் போனை வைத்துவிட்டார். கையில் இருப்பது "சர்வீஸ் 4,700" என்று எழுதிய துண்டுச் சீட்டு மட்டும்தான்.

அக்கா பையன் மகளின் லேப்டாப் மாடலைப் பார்த்த உடனே சொல்லிவிட்டான். பழைய 2.5 இஞ்ச் சாட்டா டிஸ்க் (சாட்டா என்பது பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டும் இணைப்பு வகை) போட அதில் இடமே கிடையாது. எம்.2 என்று, டிஸ்க்குக்குப் பதிலாக விரல் நீளத்துக்கு ஒரு சின்ன அட்டை போடும் இடம்தான் இருக்கிறது. இந்தக் காலத்து லேப்டாப் பலவற்றில் இப்படித்தானாம். இது முதல் நாளே அந்தக் கடைக்குத் தெரியாமலா இருக்கும்? அவர்கள் மாட்டிக் கொடுத்த கேஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் போட்டு நானே காப்பி எடுத்திருக்கலாம். அதற்கு 4,700 ரூபாய்.

சரி, விவரமாக எழுத முடியவில்லை, மனசு இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். உங்கள் லேப்டாப்பில் சாட்டா இடம் இருக்கிறதா என்று மாடல் பெயரை வைத்து முதலில் பாருங்கள். இருந்தாலும் 7 எம்எம் தடிமன்தான் நுழையும் என்றால், 9.5 எம்எம் பழைய டிஸ்க் போகாது. எதுவானாலும் காப்பி எடுக்காமல் டிஸ்க்கைக் கடையில் விடாதீர்கள். 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டால் ஓகே கொடுக்காதீர்கள். அழிந்துவிட்டது என்றால் அதில் எதையும் ஏற்றாமல் உடனே கழற்றிவிடுங்கள். மேலோட்டமாக மட்டும் அழிக்கும் குவிக் ஃபார்மேட்டாக இருந்தால் மேலே வேறு எதுவும் எழுதாதவரை மீட்க வழி உண்டு என்கிறான் அக்கா பையன். அப்புறம், பில் வாங்குங்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் இன்றைக்குப் புகார் சொல்லப்போகிறேன்.

டிஸ்க்கை அன்றைக்குக் கழற்றியதோடு சரி, மறுபடி செருகவில்லை. அப்பா ஒட்டிய பிளாஸ்திரி பழைய லேப்டாப்பில் அப்படியே இருக்கிறது. சென்னையிலோ புதுச்சேரியிலோ நம்பிக் கொடுக்கக்கூடிய ரெகவரி இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அம்மா தினமும் கேட்கிறார்கள்.