மணி ரெசினா, சவ்வா? புரதம் பிரிக்க எது பொருந்தும்

அயனிப் பரிமாற்ற முறையில் (மின்னூட்டமுள்ள பரப்பில் புரதத்தை ஒட்டவைத்து) புரதம் பிரிப்பவர்கள் பலரும் குழம்பும் இடம் இது: துளைகள் நிறைந்த சிறு உருண்டைகளான மணி ரெசினா, துளைகளுள்ள மெல்லிய தாளான சவ்வா?

வேகம்
மணி: சுற்றி ஓடும் திரவம் துளைகளுக்குள் பெரும்பாலும் நுழைவதில்லை. புரதம் விரவல் (தானாகப் பரவுதல்) மூலமே மெல்ல உள்ளே போகவேண்டும். மணியின் விட்டத்தைப் பாதியாக்கினால் விரவல் நேரம் ஏறக்குறைய கால்வாசியாகும். ஆனால் அதே வேகத்தில் திரவத்தைத் தள்ளத் தேவையான அழுத்தம் நான்கு மடங்கு ஏறும். கரைசலில் உப்பைக் குறைத்து, புரதம் ஒட்டும் பிடிப்பைக் கூட்டலாமே என்பீர்கள். பிடிப்பு அளவு மீறினால், துளைவாயிலில் ஒட்டிய புரதங்களே பின்னால் வருபவற்றைத் தடுத்துவிடுவதுண்டு.
சவ்வு: திரவம் துளை வழியாகவே பாய்வதால் விரவலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓட்டத்தைக் கூட்டினாலும் பிடிப்பு அதிகம் குறையாது.

கொள்ளளவு
மணி: உட்பரப்பு மிகுதி; இங்கே வெல்வது இதுதான்.
சவ்வு: பொதுவாகக் குறைவு.

மறுபயன்பாடு
மணி: காஸ்டிக் சோடாவால் கழுவிப் பலமுறை ஓட்டலாம்.
சவ்வு: பெரும்பாலும் ஒருமுறைதான்.

புரதத்தை மிகுதியாகப் பிடித்துவைத்து, நெருங்கிய வகைகளைப் பிரித்தெடுக்க மணி. மணியின் துளைக்குள் நுழையவே முடியாத வைரஸ், பிளாஸ்மிட் (வட்ட வடிவ டி.என்.ஏ.) போன்ற பெரியவற்றுக்கும், சிறிதளவு மாசை விரைவாக நீக்கவும் சவ்வையே நான் எடுப்பேன்.