நகையா, தங்க ஈ.டி.எஃப்.பா?

கீழக்கரைப் பக்கம் பிள்ளைகள் வளைகுடாவில். வீட்டில் வயதான பெற்றோர் மட்டும். வரும் பணம் இன்னும் நகைக்கடைக்கே போகிறது. ரசீதைப் பாருங்கள்: செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. விற்கப்போனால் இவற்றில் ஒரு காசும் திரும்பாது. ஆனாலும் அவசரத்துக்கு அம்மா தாமாகவே வளையலை அடகு வைத்து அன்றைக்கே பணம் வாங்கிவிடுவார். அதைச் சாதாரணமாக நினைக்க முடியாது.

தங்க ஈ.டி.எஃப். என்பது தங்க விலையை ஒட்டி ஏறி இறங்கும், பங்குபோல் வாங்கி விற்கும் நிதி. 2007 முதல் இந்தியச் சந்தையில் இருக்கும் இதில் செய்கூலி, சேதாரம் இல்லை, திருட்டுப் பயமும் இல்லை. சிறு ஆண்டுக் கட்டணம், தரகு உண்டு. துபாயிலிருந்தே மகன் கைபேசியில் வாங்கலாம். அதற்கு, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு வேண்டும்.

போட்டுக்கொள்ள நகை, சேமிக்க என்றால் நான் ஈ.டி.எஃப். பக்கம்தான். கணக்கில் அம்மாவை நாமினியாகப் பதிந்துவிடுங்கள்.