பாய்ப்படகின் பழைய குக்கரைக் கழற்றினால் என்ன பொருத்துவது: காஸா, கரண்டா, மண்ணெண்ணெயா?

பாய்ப்படகின் சமையல் மூலையில் பொருத்தியிருக்கும் குக்கர், அதாவது அடுப்பு, துருப்பிடித்துப் போனால், அதே அளவில் இன்னொன்று எங்கே கிடைக்கும் என்றுதான் எல்லோரும் தேடுவார்கள். நான் சொல்வேன், அளவுநாடாவை எடுத்துக்கொண்டு முதலில் மேல்தளத்துக்கு ஏறுங்கள். காஸ் சிலிண்டரை வெளியே, உள்ளறையோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் வைக்க இடம் இருக்கிறதா? இருந்தால் காஸைப் பற்றிப் பேசலாம். இல்லையென்றால் பேச்சையே எடுக்க வேண்டாம். விலை, வசதி, அழகு எல்லாம் இந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

மச்சானும் நானும் பங்காக வைத்திருக்கும் முப்பதடி ஃபைபர் படகு இப்போது இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம், வாழைச்சேனையில் கரையேறி நிற்கிறது. பழைய ஐரோப்பியப் படகு. அதில் இருந்தது இரண்டு பர்னரும் ஓவனும் சேர்ந்த, பம்ப் அடித்துப் பற்றவைக்கும் மண்ணெண்ணெய்க் குக்கர். ஓவன் கதவின் கீல் உப்பில் கரைந்து, திறக்கும்போதே கையோடு வந்துவிட்டது. பர்னர் ஒன்றில் நீலச் சுவாலை வருவதே இல்லை. மஞ்சளாக எரிந்து சட்டியெல்லாம் கரி. மாற்றத்தான் வேண்டும். எதை என்பதில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. மச்சான் காஸ் என்றார், நான் கரண்ட் என்றேன்.

காஸின் பலம் கணக்கில் தெரியும். 5 கிலோ சிலிண்டரில் ஏறக்குறைய 64 கிலோவாற் மணி சக்தி அடங்கியிருக்கிறது. 12 வோல்ற், 200 அம்பியர் மணி லித்தியம் பற்றரியில் அடங்குவது இரண்டரை. காஸ் சுவாலையின் சூட்டில் பாதிக்கு மேல் சட்டியைச் சுற்றி வீணாகப் போகிறது என்று கழித்தாலும், அந்தச் சின்னச் சிலிண்டர் ஒரு பெரிய பற்றரியைப் போலப் பத்து மடங்குக்கு மேல் சமைத்துத் தரும். மழையோ மப்போ, நினைத்த நேரத்தில் எரியும். மண்சட்டி, அலுமினியச் சட்டி, தோசைக்கல் எதை வைத்தாலும் ஏற்கும். 12.5, 5, 2.3 கிலோ என்று நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சிலிண்டர்களில், பாய்ப்படகுக்கு 5 கிலோதான் கைக்கு அடக்கம். ஒன்று எரிய, மற்றொன்று நிரம்பியிருக்க வேண்டும். 2022இல் சிலிண்டருக்காக இரவிரவாக வரிசையில் நின்ற எவருக்கும் இந்த இரண்டாவது சிலிண்டர் ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் இந்தக் காஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரம். வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்துவிட்டுத் தும்புத்தடியாலேயே வெளியே தள்ளிவிடலாம். படகில் கசிந்தால், குடத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அடியில் போய் நிற்கும். அங்கேதான் இயந்திரம், பற்றரி, தண்ணீர் இறைக்கும் பம்ப் எல்லாம் இருக்கின்றன. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். பம்பின் சுவிட்சில் வரும் ஒரு பொறி போதும். 2021 கடைசியில் நாடெங்கும் வீடுகளில் காஸ் அடுப்புகள் வெடித்தது மறந்திருக்காது. அந்த வீடுகளுக்கு யன்னல் இருந்தது, கீழ் மட்டத்தில் வாசல் இருந்தது. படகின் அடிக்கு இரண்டும் இல்லை.

அதனால் காஸ் வைப்பதென்றால் அரைகுறையாக வைக்கக் கூடாது. சிலிண்டருக்கு மேலே மட்டும் திறக்கும் தனிப் பெட்டி வேண்டும். உள்ளறைப் பக்கம் ஊசி நுழையவும் ஓட்டை இருக்கக் கூடாது. பெட்டியின் அடியிலிருந்து அரை அங்குலத்துக்குக் குறையாத குழாய் நேரே கடலுக்குப் போக வேண்டும். அதன் வாய், படகு சரிந்து ஓடும்போதும் நீர்மட்டத்துக்கு மேலே, யன்னலிலிருந்தும் வாசலிலிருந்தும் அரை மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். ரெகுலேற்றர் பெட்டிக்குள்ளேயே. அதோடு மின்சார வால்வு ஒன்று: சமைத்து முடித்ததும் உள்ளே இருந்தபடியே சுவிட்சைப் போட்டுச் சிலிண்டர் வாயிலேயே அடைத்துவிடலாம். குக்கரின் ஒவ்வொரு பர்னரிலும், சுவாலை அணைந்தால் தானாகக் காஸை நிறுத்தும் பாதுகாப்பு வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் பல மேசை அடுப்புகளில் அது இல்லை. பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் அவற்றின் தகரம் உப்புக் காற்றுக்குத் தாக்குப்பிடிக்காது. மலிவு என்று அதை வாங்கிப் படகுக்குள் திருகி வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

ஆழ்கடலுக்குப் போகும் மீன்பிடிப் படகுகளில் திறந்த தளத்தில் சிலிண்டரைக் கட்டி வைத்துச் சமைக்கிறார்களே என்று மச்சான் கேட்டார். திறந்த தளத்தில் கசிவது காற்றோடு போய்விடும். மூடிய உள்ளறையில் சமைக்கும் பாய்ப்படகுக்கு அந்த உதாரணம் பொருந்தாது.

கரண்டில் சட்டியையே நேராகச் சூடாக்கும் இண்டக்ஷன் அடுப்பில் இந்தப் பயமே இல்லை, அதனால்தான் நான் அதில் பிடிவாதமாக நின்றேன். சுவாலை இல்லை, புகை இல்லை, உள்ளறையும் அவ்வளவு சூடேறாது. ஏப்ரல், மே வெயிலில் ஃபைபர் படகுக்குள் நின்று சமைத்தவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெத்தை நனைவதும் பலகையில் பூஞ்சணம் பிடிப்பதும் அதனாலும்தான்.

ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இண்டக்ஷனுக்கு 100 வாற் மணி அளவு போகும். தேத்தண்ணீர், சோறு, இரண்டு கறி, இரவைக்கு ரொட்டி என்று பார்த்தால் மூன்று பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோவாற் மணி. 400 வாற் சூரியத் தகடு கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்துத் தெளிந்த வானத்தில் இதைத் தந்துவிடும். மாரியில் தராது. நவம்பர், டிசம்பரில் மட்டக்களப்பு வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த மாதங்களில் யாரும் பாய் விரித்துப் போவதில்லை என்றாலும், படகில் தங்கி வேலை செய்பவருக்குச் சாப்பாடு வேண்டுமே. இயந்திரத்தை ஓடவிட்டுப் பற்றரி ஏற்றி அதில் சோறு சமைப்பது டீசலுக்குக் கேடு.

கம்பி விசயமும் சின்னது இல்லை. 1800 வாற் அடுப்பு, 12 வோல்ற் பற்றரியிலிருந்து இன்வேட்டர் வழியாக 170 அம்பியர் அளவு இழுக்கும். வீட்டு வயரிங் கம்பியைப் போட்டால் அது உருகித் தீப்பிடிக்கும். பெருவிரல் தடிப்பில் செப்புக் கம்பி, பற்றரிக்கு அருகிலேயே பெரிய ஃபியூஸ், சுத்தமான சைன் அலை தரும் இன்வேட்டர் என்று செலவு ஏறும். காஸில் மிச்சம் பிடித்தோம் என்று யாரும் சொல்ல முடியாது. 24 வோல்றாக மாற்றினால் அம்பியர் பாதியாகும். பழைய படகில் மற்ற எல்லாம் 12இல் ஓடுவதால் அதுவும் ஒரு தனி வேலை.

நான் உண்மையில் இறங்கிவந்தது சமைத்துப் பார்த்தபோதுதான். மண்சட்டி இண்டக்ஷனில் சூடாகாது, அலுமினியமும் ஆகாது. காந்தம் ஒட்டும் அடி வேண்டும். அதைச் சட்டி மாற்றிச் சமாளிக்கலாம். ஆனால் மலிவான இண்டக்ஷன் அடுப்பில் தணலைக் குறைத்தால் அது உண்மையில் குறைவதில்லை. முழுச் சூட்டில் சில விநாடி எரியும், நிற்கும், மறுபடி எரியும். பாரைமீன் சொதியில் பால் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டியின் நடுவில் மட்டும் பொங்கியது, அடங்கியது, திரும்பப் பொங்கியது. கிளறக் கிளறப் பால் திரைந்துபோனது. நல்ல இண்டக்ஷன் அடுப்புகள் தொடர்ந்து மெல்லிய சூடு தரும், விலையும் அதற்கேற்ப இருக்கும். வாங்குமுன் தணலைக் கடைசிக்குக் குறைத்து, ஒரு சட்டித் தண்ணீரைக் கடையிலேயே வைத்துப் பாருங்கள்.

மண்ணெண்ணெயை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறவர்களை நான் மதிக்கிறேன். அது அடியில் தேங்கி வெடிக்கும் வாயு இல்லை; 38 பாகைக்குக் கீழே அதன் ஆவி எளிதில் பற்றாது. எந்த எண்ணெய் நிலையத்திலும் கிடைக்கும், வெளியிணைப்பு மோட்டாருக்கு அதைத்தான் நம் மீனவர் ஊற்றுகிறார்கள். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறிய பிறகு மலிவு என்ற பேச்சு போய்விட்டது. பர்னரை முதலில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்க வேண்டும். அவசரப்பட்டால் திரவமாகவே பீய்ச்சிக் கூரை வரை சுவாலை எழும்பும். ஆடும் படகில், பசியோடு, இருட்டில் இதைச் செய்யப் பழகிய கை வேண்டும். பழகியவர், பர்னரும் ஊசியும் வரவழைக்க முடிந்தவர், பழைய குக்கரைத் திருத்தி வைத்திருப்பதில் தப்பே இல்லை.

ஸ்பிரிட் அடுப்பு பார்க்க எளிமையானது. மேற்கில் பல சின்னப் படகுகளில் அதுதான். ஒரு லீற்றர் ஸ்பிரிட்டின் சூடு மண்ணெண்ணெயில் அறுபது வீதம்தான், சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது, தொடர்ந்து சமைக்க வேண்டிய அளவு ஸ்பிரிட் இங்கே வாங்குவதும் பெரும்பாடு. சோறு சமைக்கிற நமக்குச் சரிவராது. டீசல் அடுப்பு குளிர்நாட்டுச் சாமான். உள்ளறையையும் சேர்த்துச் சூடாக்கும்.

எதை வாங்கினாலும் பொருத்தும் குழியை அளக்கும்போது அகலத்தோடு நிற்காதீர்கள். படகு சரியும்போது குக்கர் மட்டமாக நிற்க, இரண்டு பக்கத்திலும் முளையில் தொங்கி ஆட வேண்டும். ஆடுவதற்கு முன்னாலும் பின்னாலும் வெளி வேண்டும். நாங்கள் குழியில் அட்டைப்பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தோம், பின்பலகையில் இடித்தது. ஓவன் இல்லாத குக்கர் என்றால் அடியில் பாரம் கட்டாமல் விடக் கூடாது. கீழே பாரமாக இருந்து அதை நிமிர்த்தி வைத்தது அந்த ஓவன்தான். அது போனால், நிறைந்த சட்டியின் பாரத்தில் குக்கர் தலைகீழாகச் சரியும். நமக்கு ஓவன் தேவையில்லை. அடியில் ஈயக்கட்டி போட்டால் போதும். சட்டியைப் பிடிக்கும் கம்பிக் கொக்கிகள் கட்டாயம் வேண்டும், இண்டக்ஷனின் வழுக்கும் கண்ணாடிக்கு இன்னும் கட்டாயம்.

எங்கள் படகில் பின்தளத்து இருக்கைக்குக் கீழே, கயிறு போடும் ஒரு பெட்டி சும்மா இருந்தது. அதன் அடி நீர்மட்டத்துக்கு மேலே நிற்கிறது. உள்ளறைப் பக்கச் சுவரில் கம்பி போன பழைய ஓட்டைகள் மட்டும். அவற்றை ஃபைபர் வைத்து அடைத்து, கடலுக்குக் குழாய் இறக்கினால் சிலிண்டருக்கு முழுத் தகுதியான இடம். அதனால் மச்சான் பக்கமே முடிவு: தொங்கி ஆடும் இரண்டு பர்னர் காஸ் குக்கர், ஓவன் இல்லாமல். கட்டி நிற்கும்போது கரைக் கரண்டில் பாவிக்க ஒரு கையடக்க இண்டக்ஷன். அந்தப் பெட்டி இல்லாதிருந்தால் நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். பற்றரிக்குத்தான் காசு போயிருக்கும்.

வேலை வரிசையும் இதுதான்: முதலில் பெட்டி, பிறகு குழாய், கடைசியில் குக்கர். பொருத்தியதும் எல்லா மூட்டுக்கும் சவர்க்கார நுரை தடவ வேண்டும். பிறகு ரெகுலேற்றரோடு அழுத்தமானி ஒன்றை வைத்து, சிலிண்டரைத் திறந்து, திரும்ப மூடி, முள் இறங்குகிறதா என்று சில நிமிடம் பார்க்க வேண்டும். முள் ஒரு மயிரளவு இறங்கினாலும் அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கக் கூடாது.