கிளியை அமைதியாக்கித் தருகிறேன் என்று வருபவரிடம் பறவையைக் கொடுத்துவிடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காப்பி நாற்று வாங்கும் வேலையாகத் தாண்டிக்குடிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் உருண்டை வடிவக் கூண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் கறுப்புத் துணி. பகல் பதினொரு மணி. துணியை விலக்கும் முன்பே அது யார் விற்ற கூண்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் விசாரித்தேன். போன ஆண்டு எங்களை ஏமாற்றிய அதே கிளிப் பயிற்சியாளர், அதே பேச்சு. பத்தே நாளில் கிளியின் சத்தத்தை அடக்கித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார். எங்களுக்கு நடந்ததை எழுதாமல் ஓராண்டு சும்மா இருந்தது தவறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கொடைக்கானல் கீழ்மலை ஊர்களில் கிளி வளர்ப்பவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும்.

எங்கள் வீடு பண்ணைக்காட்டில். சிறிய காப்பித் தோட்டம், நடுநடுவே ஆரஞ்சு, மிளகு, நான்கைந்து பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மரங்கள். வீட்டில் இருப்பது சன் கன்யூர் இனத்துக் கிளி. பெயர் சுடர். தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி, கயானாவும் பிரேசிலின் வட எல்லையும் இந்த இனத்தின் தாயகம். ஓர் அடி நீளம், நூறு கிராமுக்குச் சற்று மேலே எடை. ஆனால் குரல் அந்த உடலுக்குள் அடங்காது. காலையில் அது கூப்பிட்டால் கீழ்ச் சரிவில் பழம் பறிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். என் மகள் பள்ளியில் படித்தபோது கேட்டு வாங்கிய பறவை. மூன்று ஆண்டுகள் அவள் தோளிலேயே வளர்ந்தது.

அவள் கோவைக்குக் கல்லூரி விடுதிக்குப் போன ஆடி மாதத்தில் தொல்லை தொடங்கியது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கத்தல். என் அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. காதில் கருவி வைத்திருக்கிறார். அந்தக் கருவி கிளியின் குரலைப் பலமடங்காக்கி அவர் தலைக்குள் இறக்கியது. கருவியைக் கழற்றி வைத்துவிட்டு நாள் முழுவதும் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் கிளியைப் பார்த்துக் கத்துவேன். கிளி இன்னும் பலமாகக் கத்தும். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டு அதைத் திண்ணையிலும் வைக்க முடியாமல் போனபோது, தெரிந்தவர் ஒருவர் அந்தப் பயிற்சியாளரின் எண்ணைக் கொடுத்தார்.

வந்தார். நன்றாகப் பேசினார். கையில் பறவைப் படங்கள் ஒட்டிய கோப்பு ஒன்று. கிளியை இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "இது திமிர் சார். இடம் அதிகம் கொடுத்துவிட்டீர்கள். இடத்தைக் குறைத்தால் தானாக அடங்கும்" என்றார். மகள் வீட்டில் இல்லாததை நான் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பிறகு பொருள்களை எடுத்து வைத்தார். ஜி.ஐ. கம்பியில் செய்த உருண்டைக் கூண்டு 3,500 ரூபாய். பகலிலும் மூடிவைக்கக் கறுப்புத் துணி 600 ரூபாய். தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொட்டு மருந்து, புட்டி 900 ரூபாய் வீதம் இரண்டு. அந்தப் புட்டியில் மருந்தின் பெயர் இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை, தேதி இல்லை. வீட்டுக்கு வந்துபோன கட்டணம் 1,500 ரூபாய். பத்து நாள் தன் இடத்தில் வைத்துப் பழக்க 2,500 ரூபாய். ஆக 9,900 ரூபாய். ரசீது கேட்டேன். பயிற்சி முடிந்ததும் மொத்தமாகத் தருவதாகச் சொன்னார். கைபேசியிலேயே பணத்தை அனுப்பினேன். எனக்கு இன்றைக்கு மிஞ்சியிருக்கும் ஆதாரம் அதுதான்.

கிளம்பும்போது இரண்டு அறிவுரைகளும் சொன்னார். கூண்டுத் துணியில் தினமும் நீலகிரித் தைலம் தெளிக்க வேண்டுமாம், மலைக்குளிருக்கு நல்லதாம். பட்டர் ஃப்ரூட் நிறையக் கொடுக்க வேண்டுமாம், உடல் சூட்டைத் தணிக்குமாம். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

பத்து நாள் கழித்துக் கிளி திரும்பி வந்தது. சத்தமே இல்லை. அம்மா கருவியை மாட்டிக்கொண்டார். வெகுநாளைக்குப் பிறகு அன்று இரவு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட்டோம். நான் அந்த ஆளுக்கு நன்றி சொல்லிச் செய்திகூட அனுப்பினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மூன்றாம் நாள் அம்மாதான் முதலில் கேட்டார்: "ஏன்டா, இது கிளியா பொம்மையா? காலையிலிருந்து ஒரே இடத்தில் இருக்கிறதே." அருகில் போய்ப் பார்த்தேன். உடலைப் பந்துபோல் உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. இரண்டு சிறகிலும் பறக்கும் இறகுகளை வெட்டியிருந்தார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்பில் இறகின்றிச் சதை தெரிந்தது. இறகைத் தானே பிடுங்கியிருக்கிறது. தண்ணீரை ஓயாமல் குடித்தது. எச்சம் நீராகப் போனது. பயிற்சியாளரை அழைத்தேன். "பழைய குணம் போகும்போது அப்படித்தான் இருக்கும் சார்" என்றார்.

மறுநாள் கொடைக்கானல் போய் அரசு கால்நடை மருத்துவரைப் பார்த்தேன். பறவைக்கென்று தனியாக மருத்துவம் பார்ப்பவரிடம் உடனே மதுரைக்குக் கொண்டுபோகும்படி அவர் சொன்னார். தாமதிக்காமல் அனுப்பிவைத்ததற்கு அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து, சுடரை மடியில் வைத்துக்கொண்டு காரில் இறங்கினோம். டம் டம் பாறை தாண்டும் வரை மூடுபனி. ஒவ்வொரு வளைவிலும் பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்தேன். காமக்காபட்டி வந்தபோது அது என் விரலைப் பிடித்துக்கொண்டது.

மதுரை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். வயிற்றுக்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். உலோகத் துணுக்குகள். கூண்டு எப்படிப்பட்டது என்றுதான் முதலில் கேட்டார். ஜி.ஐ. கம்பி என்றால் இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது. புதுக் கம்பியில் அந்தப் பூச்சு சில இடங்களில் திட்டுத்திட்டாக, பொடியாக நிற்கும். கிளி அலகால் ஏறும், அலகால் இறங்கும், சலிப்பில் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துத்தநாகம் உள்ளே போய் நஞ்சாகிறது. இருட்டில், அசைய இடமில்லாத கூண்டில், வேறு எந்த வேலையும் இல்லாமல் அடைத்து வைத்தால் கம்பியைக் கடிக்காமல் என்ன செய்யும்? நஞ்சை இறக்க ஊசி. ஒன்பது நாள் மதுரையில் உறவினர் வீட்டில் தங்கிக் காலையும் மாலையும் ஊசி போட்டோம். ஏழாம் நாள் அது ஒரு முறை கத்தியது. என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

மருத்துவர் சொன்னதில் ஒன்று என்னை உலுக்கியது. கிளிக்கு உடம்பு முடியவில்லை என்றால் அதைக் காட்டிக்கொள்ளாது. காட்டில் சோர்ந்து தெரிகிற பறவையைத்தான் வல்லூறு குறிவைக்கும். அதனால் முடிந்தவரை மறைக்கும், மறைக்க முடியாத நிலைமைக்கு வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். ஆகவே சத்தம்போட்டுக்கொண்டிருந்த கிளி திடீரென்று வாயடைத்தால் அதை முன்னேற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். அன்றே எச்சத்தைப் பாருங்கள், எடையைப் பாருங்கள், மருத்துவரிடம் ஓடுங்கள். நான் மூன்று நாள் மகிழ்ச்சியாக இருந்தேன்.

நீலகிரித் தைலத்தைச் சொன்னதும் மருத்துவர் எழுந்தே நின்றுவிட்டார். பறவையின் நுரையீரலோடு காற்றுப் பைகள் இணைந்திருக்கின்றன. காற்றில் கலந்திருப்பதை அது நம்மைவிட வேகமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். தைல ஆவி, கொசுவர்த்திப் புகை, குளிர்காயக் கூடத்தில் வைக்கும் கரியடுப்பு, ஒட்டாத பூச்சுள்ள (நான்-ஸ்டிக்) பாத்திரம் காய்ந்து கருகும் புகை, எல்லாமே ஆபத்து. கடைசியில் சொன்ன அந்தப் பாத்திரப் புகை சில நிமிடங்களில் உயிரையே எடுத்துவிடும். பட்டர் ஃப்ரூட் இன்னும் மோசம். அதில் உள்ள பெர்சின் என்னும் பொருள் கிளியின் இதயத்தைத் தாக்கும். எங்கள் மலையில் தோட்டத்துக்குத் தோட்டம் இந்த மரம் நிற்கிறது, குழந்தைக்கு ஊட்டுவதுபோலக் கிளிக்கும் ஊட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். ஐப்பசியில் எங்கள் மரங்களில் காய் ஓய்ந்திருந்தது. சுடர் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, அது ஏன் கத்தியது? காலையும் மாலையும் கூப்பிடுவது எந்தக் கிளிக்கும் இயல்பு. கூட்டமாக வாழும் பறவை அல்லவா, எழுந்ததும் "எங்கே இருக்கிறீர்கள்" என்று கேட்கும், அடையும் முன்பும் ஒருமுறை கேட்கும். எங்கள் தோட்டத்தின் மேல் காட்டுக்கிளிகள் கூச்சலிட்டுக்கொண்டு பறப்பதும் அதே வேளைகளில்தான். அந்தக் கால்மணி நேரத்தை யாராலும் அடக்க முடியாது, அடக்கவும் கூடாது. மீதி நேரக் கத்தலுக்குக் காரணம் நாங்கள்தான். தோளில் சுமந்தவள் ஒருநாள் பெட்டியோடு கிளம்பிப் போய்விட்டாள். கேட்டதற்குப் பதில் இல்லை. கத்தினால்தான் நான் ஓடிவந்து திட்டினேன். திட்டானாலும் அதற்கு அது துணை. கத்தினால் ஆள் வரும் என்று நானே அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

இப்போது நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். 9,900 ரூபாய்க்கு அந்த ஆள் கொடுத்திருக்க வேண்டியது இந்த அறிவைத்தான். அது மென்மையாகக் கூப்பிட்டால் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் ஒரு சீழ்க்கை அடித்துப் பதில் சொல்கிறோம். வீறிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு நொடி நிறுத்தியதும் அருகில் போய்ப் பேசுகிறோம். முதல் இரண்டு வாரம் சத்தம் முன்னைவிடக் கூடியது. அங்கேதான் பலர் கைவிட்டுவிடுவார்கள் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். அதன் பிறகு குறைந்தது.

கூண்டு இப்போது எவர்சில்வர், மூன்றடி அகலம், நாற்சதுரம். இரண்டு சிறகையும் விரித்தால் எந்தப் பக்கமும் இடிக்காது. கூடத்தில், ஒரு பக்கம் சுவரை ஒட்டி வைத்திருக்கிறோம். எல்லாப் பக்கமும் திறந்திருந்தால் அதற்கு அச்சம் தீராது. ஒரே பருமனுள்ள வழவழப்பான குச்சியை எடுத்துவிட்டுக் கொய்யாக் கிளைகளைக் குறுக்கே கட்டினேன். தடியும் மெல்லிசுமாகப் பிடிமானம் மாறினால் காலில் புண் வராது, பட்டையை உரிப்பதிலேயே அரைநாள் போகும். தீனியைக் கிண்ணத்தில் குவித்து வைப்பதில்லை. தினையையும் கேரட் துண்டையும் சோளத் தோகைக்குள் சுருட்டிக் கட்டித் தொங்கவிடுகிறேன். பனையோலையில் முடிச்சுப் போட்டு உள்ளே பட்டாணியை ஒளித்துவைப்பாள் என் மனைவி. காட்டில் தீனி தேடுவதற்கே பாதிப் பகல் ஆகிற பறவை இது. வெறும் சூரியகாந்தி விதையைக் கொட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், கொழுப்பும் ஏறும். வாரத்தில் மூன்று நாள், வெயில் இருக்கும்போது, இளஞ்சூட்டு நீரைத் தெளிக்கிறோம். தினமும் இரண்டு மணி நேரம் கதவு சன்னல்களைச் சாத்திவிட்டுக் கூடத்தில் வெளியே விடுகிறோம். இரவு ஏழு மணிக்கு மேல் துணி போர்த்துகிறோம், பதினொரு மணி நேரமாவது தூங்க வேண்டும். இரவில் துணி நல்லது. பகலில் அது தண்டனை.

மகள் வாரம் இருமுறை அலைபேசியில் பேசும்போது ஒலிபெருக்கியைப் போட்டுக் கூண்டருகே வைக்கிறோம். அம்மா இதைத்தான் முதல் நாளிலிருந்தே செய்யச் சொன்னார். நான் கேட்கவில்லை.

அந்த ஆளிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பணத்துக்குப் பதிலாக இந்தக் கிளியை வாங்கிக்கொண்டு "நம் ஊர்ப் பச்சைக்கிளி, நன்றாகப் பேசும், சத்தம் போடாது" என்று வேறொன்று தருவதாகச் சொன்னார். இதில் யாரும் விழுந்துவிடாதீர்கள். நாட்டுக் கிளிகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். சன் கன்யூர் போன்ற வெளிநாட்டுப் பறவைகளை வைத்திருப்பவர்களும் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். நாங்கள் செய்துவிட்டோம். மறுத்ததும் அவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லியிருக்கிறேன். திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவும் தயார். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். எக்ஸ்ரே படம், மதுரை மருத்துவரின் குறிப்பு, பணம் அனுப்பிய விவரம், அந்தப் புட்டிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் கூண்டையும் புட்டியையும் கோபத்தில் வீசிவிடாமல் வைத்திருங்கள், பறவையை மட்டும் இன்றைக்கே அந்தக் கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தாண்டிக்குடி வீட்டுக்காரர் நான் சொன்னதைக் கேட்டு அப்போதே துணியை உருவினார். உள்ளே இருந்த கிளி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. கம்பியின் வளைவுகளில் வெள்ளைப் பொடி. நேற்று அவரே அழைத்தார். மதுரைக்குப் போய் வந்துவிட்டாராம். வயிற்றில் துணுக்கு எதுவும் இல்லையாம்.