"20 மணி நேரம்தான் ஓடியது" என்று எஞ்சின் விற்க வந்தால்

மிச்சிகனில் என் வீட்டு கராஜில் மூன்று வருடமாக ஒரு சின்ன மர விமானம் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் மட்டும் உட்காரும் விமானம். இறக்கை, வால், சக்கரம் எல்லாம் தயார், பாக்கி எஞ்சின்தான். சின்ன விமானங்களுக்கான எஞ்சின் செய்யும் ரோடாக்ஸ் கம்பெனியின் புது 912 வாங்க 20,000 டாலருக்கு மேல் வேண்டும், என் விமானத்துக்கு அது கனமும் கூட. எனவே பழைய ரோடாக்ஸ் 447 தேடினேன். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், சுமார் 40 குதிரைசக்தி. தயாரிப்பை நிறுத்தி வருடக்கணக்காகிவிட்டதால், கிடைப்பதெல்லாம் யாராவது கழற்றி வைத்ததுதான்.

ஒஹாயோவில் ஒருவர், நீலத் தார்ப்பாய் மேல் எஞ்சினை வைத்து எடுத்த படத்தோடு விளம்பரம் போட்டிருந்தார். 1998இல் வாங்கியதாம், 20 மணி நேரம்தான் ஓடியதாம், விலை 2,200 டாலர். நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனேன். மனுஷர் நல்லாத்தான் பேசினார். சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் மீட்டரை மாட்டிக் காட்டினார், இரண்டு சிலிண்டரிலும் ஒரே அளவு. கையால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. ரசீதுகூடக் கேட்காமல் போனிலேயே பணத்தை அனுப்பிவிட்டேன். 20 மணி நேரம் என்பதில் அவ்வளவு மயக்கம்.

அடுத்த வாரம் பக்கத்து ஓடுதளத்துக்காரர், பல வருடம் இந்த எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியவர், பார்க்க வந்தார். "சரி, 20 மணி நேரம் ஓடியது. மிச்ச 25 வருடம் எங்கே கிடந்தது?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பதில் என்னிடம் இல்லை. கார்புரேட்டரைக் கழற்றினார், பிஸ்டனை மேலே ஏற்றினார், உள்ளே டார்ச் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் முழுக்க செம்பழுப்புத் துரு.

நம்மூர் பழைய ஸ்கூட்டருக்கு பெட்ரோல் பங்க்கில் ஆயில் கலந்து பெட்ரோல் போடுவார்களே, அதே கதைதான் இங்கேயும். 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். கார் எஞ்சின் மாதிரி அடியில் ஆயில் தேங்கி நிற்காது. ஓடும்போது பெட்ரோலோடு வரும் அந்த ஆயிலில்தான் கிராங்க் பேரிங்குகள் நனைகின்றன. நின்றுவிட்டால் அந்தப் படலம் வற்றி, ஈரக்காற்று புகுந்து துருப்பிடிக்கிறது. நிறுத்தி வைக்கும் முன் உள்ளே பாதுகாப்பு ஆயில் அடித்திருக்க வேண்டும். இவர் அடிக்கவில்லை. 300 மணி நேரம் அல்லது 5 வருடம், எது முந்துகிறதோ அப்போது எஞ்சினைப் பிரித்துப் பார் என்று கம்பெனி சொல்வதும் இதனால்தான். நான் மணியை மட்டும் எண்ணினேன், வருடத்தை எண்ணவில்லை.

அந்த கம்ப்ரஷன் மீட்டர் பொய் சொல்லவில்லை. அது காட்டுவது பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் நலமா என்பதை மட்டும்தான். கீழே பேரிங் அரித்துப் போயிருந்தாலும் முள் அழகாக ஏறும். வெறும் கையால் சுற்றும்போதும் தெரியாது. பறக்கும்போது நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் போகையில்தான் தெரியும். அப்போது கீழே வயல் இருந்தால் அதிர்ஷ்டம்.

பேரிங்கை மட்டும் மாற்றலாமே என்று பார்த்தால், இந்த கிராங்க் பல துண்டுகளாக பிரஸ் போட்டு அழுத்திச் சேர்த்தது. வீட்டில் பிரித்தால் நேராகத் திரும்பச் சேராது. அதற்கென்று இருக்கும் பட்டறையில் கேட்ட தொகை, உதிரிப் பாகங்களோடு சேர்த்து, நான் எஞ்சினுக்குக் கொடுத்ததை நெருங்கிவிட்டது.

விற்றவருக்கு போன் செய்தேன். "பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை.

போன வாரம் அதே நீலத் தார்ப்பாய் மேல் வைத்து எடுத்த படத்தோடு ஒரு ரோடாக்ஸ் 503 விற்பனைக்கு வந்திருக்கிறது. 18 மணி நேரம்தான் ஓடியதாம். கார்புரேட்டரைக் கழற்றி உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று நண்பர் பெயரில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.