பிளாப்பா, ஹைஜெனா?

காரைக்குடியில் உட்கார்ந்து ஹோம்ஸ்டேக்கும் ஆத்தங்குடி டைல் பட்டறைக்கும் ஆப் செய்பவருக்கு ஒரு அலுப்பு உண்டு. அறை, பில், வாடிக்கையாளர் என்று எந்த மாட்யூல் (ஆப்பின் ஒரு பகுதி) வந்தாலும் பழைய ஃபைல்களை காப்பியடித்துப் பெயர் மாற்றுவது. டைலுக்குக் கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றுவது போல டெம்ப்ளேட் (மாதிரி ஃபைல்) ஒன்று இருந்தால் வேலை முடிந்தது. டெம்ப்ளேட்டிலிருந்து புது ஃபைல்களை உருவாக்கித் தரும் கருவிகள்தான் பிளாப்பும் (Plop) ஹைஜெனும் (Hygen). இரண்டில் எது என்பதுதான் குழப்பம்.

செலவு: இரண்டும் இலவசம்.

தொடக்கம்
பிளாப்: ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பிளாப்ஃபைல் எழுத வேண்டும். கேட்கும் கேள்விகளும் செய்யும் வேலைகளும் அதில்தான்.
ஹைஜென்: ‘_டெம்ப்ளேட்ஸ்’ ஃபோல்டர் போதும். ஃபைல் எங்கே உருவாக வேண்டும் என்பதை டெம்ப்ளேட்டின் தலைப்பகுதியே சொல்லிவிடும்.

டெம்ப்ளேட் மொழி
பிளாப்: ஹேண்டில்பார்ஸ். லாஜிக் குறைவு, படிக்கச் சுலபம்.
ஹைஜென்: இஜேஎஸ். ஜாவாஸ்கிரிப்டை அப்படியே உள்ளே எழுதலாம். அளவு மீறினால் கண்ணைக் கட்டும்.

பழைய ஃபைலில் சேர்ப்பது
உண்மையான சோதனை இங்கேதான். ‘அறை’ மாட்யூல் உருவானால் மட்டும் போதாது, எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் ரவுட்டர் ஃபைலில் அதற்கு ஒரு வரி ஏற வேண்டும்.
பிளாப்: ‘அப்பெண்ட்’ செயலுக்கு ஒரு பேட்டர்ன் (ஃபைலில் தேட வேண்டிய அடையாளம்) கொடுத்தால் அதன் கீழே சேர்க்கும். அதே வரி இருந்தால் மறுபடி சேர்க்காது.
ஹைஜென்: ‘இன்ஜெக்ட்’ செய்யும், அதாவது வரியை உள்ளே செருகும். ஆனால் ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடச் சொல்லும் ‘ஸ்கிப்_இஃப்’ நாமே எழுத வேண்டும். மறந்தால் வரி இரட்டிக்கும்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் டீமில் இருந்தால் பிளாப்தான். கேள்வி கேட்டுக் கேட்டு நடத்திப் போகும். டெம்ப்ளேட் நிறைய, பார்த்துக்கொள்வது ஒரே ஆள் என்றால் ஹைஜென்.