பணம் கட்டித் தன்னார்வலர் ஆன கதை

கல்லூரி முடித்த கையோடு வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் மூன்று மாதம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனேன். எந்த நாடு, அனுப்பிய நிறுவனம் எது என்று எழுதப்போவதில்லை. இதே வேலையை வேறு வேறு பெயர்களில் செய்கிறவர்கள் நிறையப் பேர். பெயரைவிட, எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது தெரிந்தால் உங்களுக்கு உதவும்.

நேர்காணல் வீடியோவில் பதினைந்து நிமிடம். முன்பு பாடம் நடத்தியிருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள் என்று நான் கேட்டதற்கு, "அங்கே போனதும் தெரிந்துவிடும்" என்றார்கள். காவல்துறை நற்சான்று கேட்பார்கள் என்று விண்ணப்பித்து வாங்கி வைத்திருந்தேன். கடைசிவரை யாரும் கேட்கவில்லை. ஒரு வேலை மிச்சம் என்று அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. முன்பின் தெரியாத ஓர் ஆளைக் குழந்தைகள் நடுவே விடுகிறார்களே, யார் எவர் என்று விசாரிக்கவில்லையே என்பது உறைக்கவே இல்லை. அவர்கள் திரும்பத் திரும்ப விசாரித்தது பணம் வந்துவிட்டதா என்பதை மட்டும்தான். அது அண்ணன் கடன் வாங்கிக் கொடுத்த பணம்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. சுற்றுலா விசாவில் வாருங்கள், விமான நிலையத்தில் கேட்டால் ஊர் சுற்றிப் பார்க்க வந்திருப்பதாகச் சொல்லுங்கள், பள்ளி என்ற பேச்சே வேண்டாம். பயண நாளுக்கு முந்தைய அறுபது நாளுக்குள் விலகினால் ஒரு காசு திரும்ப வராது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. சரி என்று போய்விட்டேன். நீங்கள் போகாதீர்கள். சம்பளம் வாங்காவிட்டாலும் வேலை வேலைதான் என்பது பல நாடுகளின் சட்டம். நேபாளத்தில் சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணி செய்யக்கூடாது. தான்சானியாவில் தன்னார்வலர்கள் சி வகுப்பு வசிப்பு அனுமதி வாங்க வேண்டும். மாட்டிக்கொண்டால் அபராதமும் திருப்பி அனுப்புவதும் நமக்குத்தான், நிறுவனத்துக்கு அல்ல.

பயிற்சி என்று சொன்னது ஒரு பிற்பகல். அதிலும் பாதி நேரம் வார இறுதிச் சுற்றுலாக்களின் விலைப்பட்டியல்.

மறுநாள் மூன்றாம் வகுப்பில் நிறங்களில் ஆரம்பித்தேன். சாக்பீஸை எடுப்பதற்குள் மொத்த வகுப்பும் சிவப்பு, நீலம், பச்சை என்று ஆங்கிலத்தில் ஒரே குரலில் சொல்லி முடித்தது. ஆஹா, என்ன கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று பூரித்துப்போனேன். அடுத்த நாள் உடலுறுப்புகள், அதுவும் அப்படியே. மூன்றாம் நாள் ஒரு சிறுமி தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். நிறங்கள், உடலுறுப்புகள், மறுபடி நிறங்கள், மறுபடி உடலுறுப்புகள். நான்கு தடவை. எனக்கு முன் வந்த நான்கு பேரும் முதலிலிருந்து தொடங்கி, பாதியில் முடித்து, கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எதுவரை நடத்தினோம் என்று ஒரு வரி எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை; எழுதச் சொல்லவும் ஆள் இல்லை. இதில் இன்னொன்று, எனக்குக் கொடுத்த நேரம் உண்மையில் கணக்குப் பாடவேளை. அந்த டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் கூத்தடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு மாதம் கழித்துத் தலைமை ஆசிரியை கேட்டார், "உங்களுக்கு மாதம் எவ்வளவு தருகிறார்கள்?" நான்தான் பணம் கட்டி வந்திருக்கிறேன் என்றேன். ஏதோ மொழிக் குழப்பம் என்று நினைத்து மறுபடி சொல்லச் சொன்னார். என் கட்டணத்தில் ஒரு பகுதி பள்ளிக்கு நன்கொடை என்று விளம்பரத்தில் இருந்தது. பள்ளிக்கு வந்தது இரண்டு அட்டைப்பெட்டி பென்சில்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். புது இடத்தில் மனம் தடுமாறுவது இயல்புதான் என்று ஆறுதல் சொல்லிப் பதில் வந்தது. ஒப்பந்தத்தை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். கற்பித்தல் என்ற சொல்லே அதில் இல்லை, "பங்கேற்பாளர் அனுபவம்" என்றுதான் இருந்தது. அனுபவம் கிடைக்கவில்லை என்று நான் எப்படி வாதாடுவது? கார்டில் கட்டியிருந்தால் வங்கி மூலம் முறையிட்டாவது பார்த்திருக்கலாம். நேரடியாக வேறொரு நாட்டுக் கணக்குக்கு அனுப்பியதால் வங்கியும் கையை விரித்துவிட்டது.

எல்லா இடத்திலும் பணம் கேட்கத்தான் செய்வார்கள் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் எந்தக் கட்டத்திலும் விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குவதில்லை, மாறாக வாழ்க்கைச் செலவுக்குப் பணம் தருகிறது. 1958ல் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. என்ற தன்னார்வலர் அமைப்பு முதலில் பள்ளி முடித்த இளைஞர்களைத்தான் அனுப்பியது. பிறகு தகுதியும் அனுபவமும் உள்ளவர்கள்தான் வேண்டும் என்று மாறிவிட்டது. அமெரிக்க அரசின் தன்னார்வலர் திட்டமான பீஸ் கோர் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான், ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள்: பணிக்காலம் 27 மாதம், அதில் முதல் மூன்று மாதம் பயிற்சிக்கே போகிறது. நான் அங்கே இருந்த மொத்தக் காலமே மூன்று மாதம்!

ஆக, பணம் கேட்பவரிடம் பள்ளித் தலைமை ஆசிரியரின் எண்ணைக் கேளுங்கள். பணம் கட்டும் முன்பு நீங்களே அவரிடம் பேசி, என்ன பாடத்துக்கு ஆள் தேவை என்று விசாரியுங்கள். எண் தரமாட்டேன் என்றால் விலகிவிடுங்கள். எந்த வகை அனுமதியில் வேலை செய்யப்போகிறீர்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

போன மாதம் ஒரு பெண் எனக்கு எழுதியிருந்தார். நிறுவனத்தின் விளம்பரத்தில் பிள்ளைகளோடு நான் சிரித்துக்கொண்டிருக்கும் படத்தைப் பார்த்து, அனுபவம் எப்படி என்று கேட்டிருந்தார். தலைமை ஆசிரியையின் எண்ணைக் கொடுத்தேன். பேசிவிட்டுப் பணம் கட்டாமல் விட்டுவிட்டாராம். அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி மூன்று தடவை எழுதிவிட்டேன், இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.